கற்கூரையை இறக்கும் முன்

உத்தராகண்ட் மாநிலத்தின் குமாவோன் மலைப்பகுதியில், அல்மோரா, பாகேஷ்வர், பித்தோராகட் மாவட்டங்களின் சிற்றூர்களில், பல தலைமுறைகள் வாழ்ந்த கல்வீடுகளை இன்றும் காணலாம். பல குடும்பங்களின் வீடுகள் இடைவெளியின்றி ஒன்றையொன்று ஒட்டி நீண்ட வரிசையாக நிற்பதும் உண்டு. அவ்வரிசைக்கு அங்கே 'பாக்லி' என்று பெயர். கீழ்த்தளம் மாடுகளுக்கு, மேல்தளம் மனிதர்களுக்கு. குளிர்காலத்தில் கால்நடைகளின் உடற்சூடு மேலே உறங்குவோருக்கும் கணப்பாக உதவியது. கதவு, சன்னல் சட்டங்களில் தச்சரின் நுண்ணிய செதுக்கு வேலையைக் காணலாம். எல்லாவற்றுக்கும் மேலே, செதில் செதிலாக அடுக்கிய கற்பலகைக் கூரை.

இவ்வீடுகளில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. பிழைப்புத் தேடிச் சமவெளி நகரங்களுக்குச் சென்றோர் மிகுதி. 2001-க்கும் 2011-க்கும் இடையே அல்மோரா, பவுரி கட்வால் ஆகிய இரு மாவட்டங்களிலும் மக்கள்தொகை கூடுவதற்கு மாறாகக் குறைந்தது என்பதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பே காட்டுகிறது. ஆயினும் சிலர் திரும்பி வருகின்றனர். ஓய்வுக்குப் பின் ஊரில் வாழ எண்ணுவோரும், பாட்டனார் வீட்டைப் பயணியர் தங்கும் இல்லமாக்க விழைவோரும் அவர்களுள் அடங்குவர். அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: கற்பலகையை நீக்கிவிட்டுத் தகடு போடலாமா?

கூரையைப் பற்றிய இக்கேள்விக்கான விடை சுவரில் இருக்கிறது என்பதே நமது கருத்து. இமயத்தில் மட்டுமன்றி, மண்சாந்தில் கட்டிய கல்வீடு எங்கிருந்தாலும் இது பொருந்தும்.

தலைமேல் பதினாறு டன்

முதலில் எடையைக் கணக்கிடுவோம். ஒரு கன மீட்டர் கற்பலகை ஏறத்தாழ 2,700 கிலோ எடையுள்ளது. இரண்டரை சென்டிமீட்டர் கனமுள்ள பலகையாயின் ஒரு சதுர மீட்டருக்கு 70 கிலோ அளவில் வரும். மழைநீர் புகாதிருக்க ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்குமாறு அடுக்குவதால் அது 120 கிலோவை எட்டும். பலகைகள் அசையாதிருக்க அடியில் பரப்பும் மண்படுகை ஐந்து சென்டிமீட்டர் எனக் கொண்டால் மேலும் 80 கிலோ. ஆக, சதுர மீட்டருக்கு 200 கிலோ. இறவாரம் உட்பட 80 சதுர மீட்டர் கூரையுள்ள நடுத்தர வீட்டின் தலைமேல் 16 டன் சுமை இருக்கிறது. அதே பரப்பை இரும்புத் தகட்டால் மூடினால் தகட்டின் எடை 400 கிலோவைச் சுற்றியே இருக்கும்.

இக்கணக்கைக் கண்டதும் தகடே மேல் என்று தோன்றும். ஆனால் அந்தப் பதினாறு டன்னும் வெறும் சுமையன்று. மண்சாந்துச் சுவரின் கற்களை மேலிருந்து அழுத்தி ஒன்றோடொன்று பிடிப்பாக வைத்திருப்பதில் அந்த எடைக்கும் பங்குண்டு. புயற்காற்றில் கூரை எழும்பாமல் காப்பதும் அதுவே. நில அதிர்ச்சியின்போதோ அதே எடை பகையாகிறது. உச்சியில் உள்ள சுமை எவ்வளவு மிகுதியோ, அதிர்வின்போது சுவரைப் பக்கவாட்டில் தள்ளும் விசையும் அவ்வளவு மிகுதி. இமயமலைப் பகுதி முழுவதும் நில அதிர்ச்சிக்கு உட்பட்டது என்பதால் இதனைப் புறக்கணிக்க இயலாது.

இரு முகம் கொண்ட சுவர்

வெளியிலிருந்து பார்க்க ஒரே திண்ணிய சுவராகத் தோன்றுவது உண்மையில் இரண்டு சுவர்கள். வெளிமுகத்தில் ஒரு கல்வரிசை, உள்முகத்தில் ஒரு கல்வரிசை, இடையே சிறுகல்லும் மண்ணும். மொத்தக் கனம் 45 முதல் 60 சென்டிமீட்டர் வரை இருக்கும். அனுபவமிக்க கொத்தனார் குறிப்பிட்ட இடைவெளியில் இரு முகங்களையும் தொடும் நீண்ட கல் ஒன்றைக் குறுக்காக வைத்துக் கட்டுவார். இதனை ஊடுகல் எனலாம். ஊடுகல் இல்லாத இடத்தில் இரு முகங்களும் காலப்போக்கில் விலகும். சுவர் வயிறு தள்ளும். தரை அதிரும்போது வெளிமுகம் தனியே சரியும்.

1991 அக்டோபர் 20 விடியலுக்கு முன் உத்தரகாசியில் நேர்ந்த நில அதிர்ச்சியில் கல்வீடுகளுக்குள் உறங்கியோர் பலர் மாண்டனர். 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரியில் நேர்ந்ததோ அதனினும் பெருங்கொடுமை. அங்கும் ஊடுகல்லற்ற தடித்த கற்சுவர்களே. கூரைகள் மரச்சட்டத்தின் மேல் ஆண்டுதோறும் மண் கொட்டிக் கொட்டிக் கனத்தவை. அவ்வழிவுக்குப் பின் எஞ்சிய வீடுகளை இடிக்காமல் வலுப்படுத்தும் முறை மராத்வாடா ஊர்களில் பரவலாகக் கையாளப்பட்டது. சுவரில் ஒரு முகத்திலிருந்து மறுமுகம் வரை துளையிட்டு, கம்பியை நுழைத்துக் கான்கிரீட் நிரப்பினால் அதுவே ஊடுகல்லின் வேலையைச் செய்யும். சன்னல் மேல்மட்டத்திலும் கூரை மட்டத்திலும் சுவரைச் சுற்றிக் கம்பிவலைப் பட்டை கட்டிச் சாந்து பூசினால் நான்கு சுவர்களும் ஒரே பெட்டியாக நின்று அதிர்வைத் தாங்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 13828, ஐ.எஸ். 13935 ஆகிய இரு ஆவணங்கள் இத்தகைய கட்டுமானத்திற்கும் வலுவூட்டலுக்கும் வழிகாட்டுகின்றன. மதிப்பீடு தயாரிக்கும் பொறியாளரிடம் இவ்விரு எண்களையும் குறிப்பிட்டுக் கேட்பது நன்று.

இந்த அறிவு மலைவாழ் மக்களுக்குப் புதிதன்று. யமுனைப் பள்ளத்தாக்கின் கோட்டி பனால் ஊரிலும், இமாச்சலத்தின் 'காட்-குணி' வீடுகளிலும், ஒரு வரிசை தேவதாரு மரம், ஒரு வரிசை கல் என மாற்றி மாற்றி அடுக்கியுள்ளனர். இன்று நாம் கம்பியால் செய்வதை அவர்கள் மரத்தால் செய்தனர். 1981-இல் அன்றைய உத்தரப் பிரதேச மலைப்பகுதியில், ஆயிரம் மீட்டருக்கு மேல் பசுமரங்களை வணிக நோக்கில் வெட்டத் தடை வந்தது. தேவதாரு உத்தரம் கிடைப்பது அரிதான நிலையில், பழைய வீட்டின் ஒவ்வொரு மரத்துண்டும் விலையுயர்ந்த சொத்தே. கூரையை இறக்கும்போது எதனையும் விறகாக்கிவிட வேண்டாம். சுவருக்குள் பதிந்திருக்கும் முனை மட்டும் ஈரத்தால் மக்கியிருக்கும். நடுப்பகுதி பல நேரங்களில் நல்ல நிலையிலேயே இருக்கும். மக்கிய முனையை அறுத்துவிட்டு, சற்றுச் சிறிய அறைக்கு அதே மரத்தைப் பயன்படுத்தலாம்.

பூச்சைப் பற்றியும் ஒரு சொல். மண்சாந்துச் சுவரின் இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்துவிடும் வழக்கம் பெருகிவருகிறது. பார்வைக்குத் துப்புரவாக இருக்கும். ஆனால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி உள்மண்ணைக் குழைத்துவிடும். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியேற விடும். கூலி சற்று கூடினாலும் அதுவே தக்கது.

தகடா, கற்பலகையா?

தகட்டுக் கூரை மலிவு, விரைவில் முடியும். கோடையில் வெப்பமும், மாரியில் பேரோசையும், குளிரில் உட்புறம் வியர்த்துச் சொட்டும் நீரும் அதன் குறைகள். தகட்டின் அடியில் பலகையும் வெப்பத்தடுப்புப் படலமும் வைத்தால் மூன்றும் பெரிதும் தணியும். மறக்கக்கூடாத ஒன்றுண்டு: எடையற்ற கூரையைக் காற்று தூக்கும். எனவே கைமரங்களைச் சுவர்த்தலை உத்தரத்தோடும், அவ்வுத்தரத்தைச் சுவரோடும் கம்பியால் பிணைத்தல் வேண்டும். மேலிருந்து தகட்டில் ஆணி அடிப்பதோடு வேலை முடிவதில்லை.

கற்பலகையை விரும்புவோர்க்கு நடுவழி ஒன்றுண்டு. மண்படுகையை முற்றிலும் நீக்கி, பலகை விரிப்பின்மேல் நீர்புகாப் படலம் இட்டு, அதன்மேல் மரச்சட்டம் அடித்து, பழைய கற்பலகைகளில் மெல்லியவற்றைத் தேர்ந்து துளையிட்டு ஆணியால் பொருத்தலாம். மண்ணின் 80 கிலோ நீங்குகிறது. தடித்த பலகைகள் முற்றத்துத் தளத்திற்குப் பயன்படும். எடை ஏறத்தாழப் பாதியாகக் குறையும். ஊரின் முகமும் மாறாது. பயணியர் இல்லம் நடத்த எண்ணுவோர்க்கு இது வருமானக் கணக்கும்கூட; தகட்டுக் கூரையின் கீழ் தங்குவதற்காக எவரும் மலையேறி வருவதில்லை. இவ்வகை வேலை தெரிந்த கொத்தனார்கள் அருகி வருகின்றனர் என்பதால் அவர்களின் நாள்களை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளல் வேண்டும்.

மழையின் நாட்காட்டி, பணத்தின் நாட்காட்டி

குமாவோனில் பருவமழை சூன் இறுதியில் தொடங்கிச் செப்டம்பர் நடுவரை நீடிக்கும். கூரையற்ற மண்சாந்துச் சுவர் ஒரு மழைக்காலத்தை வெறுந்தலையோடு கடந்தால் இடைமண் கரைந்து வெளியேறிவிடும். ஆகவே கூரையைத் திறக்கத்தக்க காலம் மார்ச்சு முதல் மே வரை, அல்லது அக்டோபர், நவம்பர்.

கடனுக்கான விண்ணப்பத்தை இந்த நாட்காட்டியிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டமிட வேண்டும். புதுப்பித்தல் கடன் பொதுவாக ஒரே தொகையாக வழங்கப்படுவதில்லை. வேலை முன்னேறுவதை மதிப்பீட்டாளர் சான்றளிக்கத் தவணைகளாக விடுவிக்கப்படும். மலைச் சிற்றூருக்கு மதிப்பீட்டாளர் வந்து செல்லவே நாள்கள் ஆகும். முதல் தவணை கைக்கு வந்து, மரமும் தகடும் முற்றத்தில் இறங்கிய பின்னரே பழைய கூரையில் கை வைக்கலாம். மதிப்பீட்டிலும் சுவர் வலுவூட்டலை முதற்கட்டமாகவும், கூரையை இரண்டாம் கட்டமாகவும், தரை, குளியலறை, வண்ணம் ஆகியவற்றை இறுதியாகவும் வரிசைப்படுத்துமாறு கேட்கலாம். கண்ணுக்குத் தெரியாத வேலைக்கே பணம் பற்றாமற் போவது வழக்கம். வரிசை இவ்வாறிருந்தால் பற்றாக்குறை வண்ணப்பூச்சோடு நின்றுவிடும். கூரை இறங்கிய பின்னரே தெரியவரும் மக்கிய மரங்களுக்காக, மதிப்பீட்டுத் தொகைக்கு மேல் ஆறில் ஒரு பங்கையாவது கையிருப்பாக வைத்திருத்தல் நன்று.

இவை யாவற்றுக்கும் முன்னே நிற்பது உரிமை ஆவணம். பாட்டனார் பெயரிலேயே தொடரும் பதிவுகளும், பல பங்காளிகள் ஒரே கணக்கில் அடங்கிய 'கோல் காத்தா' பட்டாக்களும் மலையூர்களில் மிகுதி. அனைத்து வாரிசுகளின் ஒப்புதலின்றி அத்தகைய வீட்டை அடமானம் வைக்க இயலாது. தில்லியில் ஒரு சகோதரர், இலக்னோவில் ஒரு பெரியப்பா மகன் என்று கையொப்பம் திரட்டுவதற்கே, கூரை வேய்வதைவிடக் கூடுதல் காலம் ஆகலாம். ஊர்க்குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குப் பல மாநிலங்களில் தனி உரிமைப் பதிவே இல்லாதிருந்தது. 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பட்ட 'ஸ்வாமித்வா' திட்டம் டிரோன் அளவீட்டின் வழியே அக்குறையைக் களைய முற்பட்டது. உத்தராகண்டில் அவ்வாவணத்தை 'ஸ்வாமித்வா அபிலேக்' என்றும், உத்தரப் பிரதேசத்தில் 'கரௌனி' என்றும் வழங்குகின்றனர். தமது ஊரில் அளவீடு நிறைவுற்றதா என ஊராட்சியில் கேட்டறிதல் முதற்படி.

வரியைப் பொறுத்தவரை, சொந்தக் குடியிருப்பைப் பழுதுபார்க்கப் பெற்ற கடனின் வட்டிக்கு, பழைய வரிமுறையைத் தெரிந்துகொள்வோர்க்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை மட்டுமே கழிவு உண்டு. புதிய முறையில் அதுவும் இல்லை. வரிச்சலுகையை நம்பிக் கடன் தொகையைப் பெருக்குவதில் பயனில்லை.

வேலை முடிந்ததும் காப்பீட்டைப் புதிய மதிப்புக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொதுவடிவக் காப்பீடு தீயோடு நில அதிர்ச்சி, வெள்ளம், நிலச்சரிவு ஆகியவற்றையும் உள்ளடக்குகிறது. காப்பீட்டுத் தொகையை நிலத்தின் விலையைக் கொண்டன்றி, வீட்டை மீண்டும் கட்ட ஆகும் செலவைக் கொண்டு குறித்தல் வேண்டும். மலைப்பாதையில் கல்லும் மணலும் ஏற்றிச்செல்லும் கூலி அதில் அடங்கியுள்ளதா எனப் பார்த்துக்கொள்க.

மீந்த கற்பலகைகளில் நாற்பது ஐம்பதையேனும் கீழ்த்தளத்தில் அடுக்கி வைத்தல் நலம். மலைக்குரங்குகள் கூரைக்குக் கூரை தாவுவதில் ஆண்டுதோறும் சில பலகைகள் நழுவும், சில உடையும். அதே கல்லை மறுபடியும் சந்தையில் வாங்க முடியாது.