குப்பையும் கூலியும்

சோற்றுப் பருக்கையும் செய்தித்தாளும் ஒரே கூடையிற் சேர்ந்து கிடப்பின் இரண்டும் பயனற்றுப் போகின்றன என்பதை நேயர்கள் அறிவர். ஈரம் ஊறிய தாளைப் பழைய பொருள் வணிகர் வாங்கார். கண்ணாடித்துண்டு கலந்த சோறு எருவுக்கும் ஆகாது. இரண்டையும் வெவ்வேறாக வைத்தாலோ ஒன்று விலைபோகும், மற்றது உரமாகும். இச்சிறு வேறுபாட்டினின்றும் ஏழை மக்கள் பலர் பிழைப்புத் தேடிக்கொண்ட வரலாற்றினை இந்தியாவின் மகாராட்டிர மாநிலத்துப் புனே நகரிற் காணலாம்.

அந்நகரத் தெருக்குப்பையைக் கிளறித் தாளும் தகரமும் சேர்த்து வாழ்ந்தோருட் பெரும்பாலார் பெண்கள். 1993ஆம் ஆண்டில் இத்தொழிலாளர் தமக்கெனச் சங்கமொன்று அமைத்தனர். 2008இல், அவர்களே உரிமையாளராயுள்ள 'ஸ்வச்' என்னும் கூட்டுறவுச் சங்கம் மாநகராட்சியுடன் உடன்படிக்கை செய்துகொண்டது. இவ்வேற்பாட்டின்படி அவர்கள் வீட்டு வாயிலுக்கே சென்று கழிவைப் பெறலாயினர். வீட்டார் மாதந்தோறும் கட்டணம் செலுத்துவர். விற்கத்தக்க பொருள்களின் விலையும் சேகரிப்போருக்கே உரியது.

ஆயினும், இவ்வொழுங்கின் பயன் வீட்டாரின் கையிலேயே தங்கியுள்ளது. அடுக்களையில் இரண்டு கூடை வைக்க ஒருவர் மறந்தால், வாயிலில் நிற்கும் பெண் அழுகலினுட் கைவிட்டுக் கிளறவேண்டியவளாகிறாள். அன்றைய வருவாயும் குறைகின்றது. ஆகவே, கழிவைப் பிரித்துவைத்தல் நகரின் தூய்மைக்கு மட்டும் உரிய கடமையன்று. பிறர் உழைப்புக்குச் செய்யும் மரியாதையுமாகும்.