நழுவிய சில்லும் நிழற்படமும்

தென்காசியை அடுத்த பண்பொழியில் திருமலை முருகன் கோயிலுக்குப் படியேறி இறங்குவோர், தம் முழங்காலின் முன்னே அமைந்த சிறிய எலும்பை எண்ணிப் பார்ப்பதில்லை. முழங்காற்சில்லு எனப்படும் அவ்வெலும்பு, கப்பியின் பள்ளத்தில் கயிறு ஓடுவதுபோல, தொடையெலும்பின் கீழ்முனைப் பள்ளத்தில் மேலும் கீழுமாக ஓடுகிறது.

தொடைத்தசை சில்லைச் சற்றே வெளிப்புறமாக இழுக்கும் இயல்பினது. உயர்ந்த வெளிக்கரையும் உட்புற நாரும் அதனைத் தடுத்து நிறுத்துகின்றன. கபடிக் களத்தில் ஊன்றிய கால் அசையாதிருக்க உடல்மட்டும் திரும்பினால், அக்காவல் தோற்றுச் சில்லு வெளிப்புறம் நழுவக்கூடும்.

இதனைக் காட்டும் முதற்சான்று, 1895இல் ராண்ட்ஜன் கண்டறிந்த ஊடுகதிரே. நேர்முகப் படத்தில் சில்லின் நிழல் தொடையெலும்பின் நிழலோடு கலந்து மங்கலாகத் தெரியும். அப்படத்தில் வெளிப்புறம் எதுவென ஐயுறுவோர், கீழ்க்காலின் மெல்லிய எலும்பைத் தேடினால் போதும். அஃது இருக்கும் பக்கமே வெளிப்புறம். சில்லின் நிழல் அப்பக்கம் ஒதுங்கியிருப்பின் அது நழுவியுள்ளது எனலாம். முழங்காலைச் சிறிது மடக்கி, சில்லின் அடிப்பரப்பை ஒட்டிக் கதிரைச் செலுத்தி எடுக்கும் படமோ இன்னும் தெளிவானது. அதில் பள்ளம் ஒரு பள்ளத்தாக்காகவும், சில்லு அதன் நடுவே அமர்ந்த குன்றாகவும் தோன்றும். மலையடிவாரத்தில் வாழ்வோர்க்கு இக்காட்சி புதிதன்று.

ஆயினும், காலை நீட்டிய அளவிலேயே சில்லு தானே திரும்பிவிடுவது மிகுதி. மருத்துவமனையில் எடுத்த படத்தில் அஃது ஒன்றும் அறியாததுபோல் தன்னிடத்தில் இருக்கும். வெறும் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்துவிடுவோர் பலர். தேர்ந்த கண்ணோ சில்லைவிட்டு, அது விட்டுச்சென்ற சுவடுகளைத் தேடும். எலும்பு உடைந்திருந்தால் மச்சையின் கொழுப்பு மூட்டினுள் கசிந்து, நீர்மேல் எண்ணெய்போலக் குருதியின்மேல் மிதக்கும். படுத்த நிலையில் பக்கவாட்டில் எடுத்த ஊடுகதிர்ப் படத்தில் அஃது ஒரு நேர்க்கோடாகப் புலப்படும்.

எம்.ஆர்.ஐ. படம் நடந்ததையே சொல்லிவிடும். திரும்பும் சில்லின் உள்விளிம்பு, தொடையெலும்பின் வெளிமுனையில் மோதுகிறது. ஆகவே ஈரிடத்தும் கன்றல் தெரியும். மோதிய இரு வண்டிகளின் நசுங்கலைக் கண்டு விபத்து நடந்த விதத்தை உய்த்துணர்வது போன்றது இது. உட்புற நாரின் கிழிசலும் இப்படத்தில்தான் விளங்கும். “சில்லு விலகி மீண்டது போலிருந்தது” என்று அடிபட்டவர் கூறும் ஒரு சொல்லே, எப்படம் வேண்டுமென்று மருத்துவர் முடிவு செய்யத் துணைநிற்கிறது. அம்மோதலில் பெயர்ந்த குருத்தெலும்புத் துணுக்கு ஊடுகதிருக்குப் புலனாகாமல் மூட்டினுள் தங்கி, பின்னொரு நாள் முழங்காலை நீட்டவோ மடக்கவோ இயலாதவாறு பூட்டிவிடுவதும் உண்டு.