அனைத்துலக மனுவும் உள்நாட்டுக் காப்புரிமையும்

ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் 1924-ஆம் ஆண்டில் முறைப்படி திறக்கப்பட்டது. அதன் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சிறிதே கூடுதலாகும். மக்களும் சரக்கும் நாள்தோறும் அதனைக் கடக்கின்றனர். காப்புரிமை மட்டும் கடப்பதில்லை. மலேசியாவில் உரிமை பெற்ற ஒரு கருவியை அக்கரையில் ஒருவர் செய்து அங்கேயே விற்பாராயின், மலேசிய உரிமையைக் காட்டி அவரைத் தடுத்தல் இயலாது. காப்புரிமை நாட்டெல்லைக்கு உட்பட்டது. இவ்வுண்மையை மனத்திற்கொண்டால்தான் அனைத்துலக மனு என்பதன் பயனும் அதன் அளவும் விளங்கும்.

சொல்லும் பொருளும்

தமிழில் காப்புரிமை என்னும் சொல்லை நூலுக்குரிய பதிப்புரிமையைக் குறிக்கவும் சிலர் வழங்குவர். ஈண்டுப் புதுப்புனைவுக்கு அரசு தரும் உரிமையையே அது குறிக்கும். ஆங்கிலத்தில் இதற்குரிய பேட்டன்ட் என்னும் சொல், திறந்திருத்தல் எனப் பொருள்படும் இலத்தீன் வேரினின்று தோன்றியது. மூடி முத்திரையிடாது யாவரும் காணுமாறு அரசர் விடுத்த திறந்த மடலே அதன் மூலம்.

பொருளும் இச்சொல்லுக்கு ஏற்றதே. புனைந்தவர் தம் நுட்பத்தை ஒளிக்காது எழுதிக் கொடுக்கிறார். அதற்கு ஈடாக, அவர் இசைவின்றிப் பிறர் அதனைச் செய்வதையும் விற்பதையும் குறித்த காலம்வரை தடுக்கும் உரிமையை அரசு அவருக்கு அளிக்கிறது. மலேசியாவில் அக்காலம் மனுச் செய்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். புனைவு உலகில் எங்கும் முன்பு வெளிப்படாத புதுமையுடையதாதல் வேண்டும். அத்துறை வல்லார்க்கு எளிதில் தோன்றாததாதல் வேண்டும். தொழிலுக்குப் பயன்படுவதாதல் வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறையினும் உரிமை கிட்டாது.

இலண்டன் வழி மாறிய வரலாறு

ஒரு காலத்தில் ஜொகூரில் உரிமை நாடிய ஒருவர் முதலில் இலண்டனை நாடவேண்டியிருந்தது. பிரிட்டனில் பெற்ற காப்புரிமையை இங்குப் பதிவு செய்துகொள்வதே அன்றைய முறை. 1983-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 1986 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தபின்னரே மலேசியா தானே மனுக்களை ஆராய்ந்து உரிமை வழங்கத் தொடங்கியது. இன்று அப்பணியை மலேசிய அறிவுசார் சொத்துக் கழகம் செய்துவருகிறது.

1989-இல் மலேசியா பாரிசு உடன்படிக்கையில் சேர்ந்தது. இதன்படி ஒரு நாட்டில் முதல் மனுச் செய்தவர் 12 மாதத்திற்குள் பிற நாடுகளில் மனுச் செய்யின், முதல் மனுவின் நாளையே கணக்கிற்கொள்வர். இதுவே முந்துரிமை எனப்படும். ஆயினும் அந்த ஓராண்டுக்குள் நாடுதோறும் தனி மனு, தனிக் கட்டணம், தேவைப்படும் மொழிபெயர்ப்பு ஆகிய யாவற்றையும் முடித்தாகவேண்டும். கருவி விலைபோகுமா என்று தெரியுமுன்னரே பெரும்பொருள் செலவாகும். இவ்விடரைக் குறைக்க எழுந்ததே காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கை. 1970-இல் வாஷிங்டன் நகரில் கையெழுத்தாகி, 1978 முதல் செயற்படும் இதனைச் ஜெனீவாவிலுள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பு நடத்துகிறது. சிங்கப்பூர் 1995-இலும், இந்தியா 1998-இலும் இதில் சேர்ந்தன. மலேசியாவுக்கு இது 2006 ஆகஸ்டு 16-ஆம் நாள் முதல் பொருந்திவருகிறது. இன்று இதன் உறுப்பு நாடுகள் 150-க்கும் மேல்.

மனு நடக்கும் வழி

செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கும் கருவியொன்றைக் குளுவாங்கில் ஒருவர் புனைந்து, 2025 மார்ச்சு 3-ஆம் நாள் மலேசியாவில் மனுச் செய்ததாகக் கொள்வோம். செம்பனை மிகுந்த இந்தோனீசியாவிலும் தாய்லாந்திலும் அவர் உரிமை விரும்புகிறார். 12 மாதம் முடியும் 2026 மார்ச்சு 3-ஆம் நாளுக்குள், மலேசியக் கழகத்தின் வழியாகவே ஆங்கிலத்தில் ஓர் அனைத்துலக மனுவை அவர் கொடுக்கலாம். அந்த ஒரு மனு, உறுப்பு நாடுகள் யாவற்றிலும் மனுச் செய்ததற்கு ஒப்பாகும்.

அடுத்து, தகுதிபெற்ற ஓர் அலுவலகம் உலகெங்கும் முன்பு வெளியானவற்றைத் தேடி அறிக்கை தரும்; புனைவு தேறுமா என்பது பற்றிய கருத்தும் உடன்வரும். முதல் மனு நாளிலிருந்து 18 மாதம் கழிந்ததும், அதாவது 2026 செப்டம்பரில், மனு உலகறிய வெளியிடப்படும்.

இறுதியாக வருவதே உள்நாட்டுக் கட்டம். பெரும்பாலான நாடுகளில் இதற்கு 30 மாத எல்லை உண்டு; நம்மவர்க்கு அது 2027 செப்டம்பர் 3. அந்நாளுக்குள் தாம் வேண்டும் நாடுகளில் மட்டும் கட்டணம் செலுத்தி, அவ்வந்நாட்டு மொழிக்குரிய மொழிபெயர்ப்பும் தந்து, மனுவைத் தொடரவேண்டும். தவறினால் அந்நாட்டில் வாய்ப்பு நழுவும். வெளிநாட்டார் இதே வழியில் மலேசியாவுக்குள் வருவதற்கும் எல்லை 30 மாதமே. அவர்தம் மனு மலாயிலோ ஆங்கிலத்திலோ அமைதல் வேண்டும்.

இங்கே பலரும் தடுமாறுவர். அனைத்துலக மனு உண்டு. அனைத்துலகக் காப்புரிமை என ஒன்று இல்லை. ஜெனீவா எவர்க்கும் உரிமை வழங்குவதில்லை. மலேசிய உரிமையை மலேசியாவே ஆராய்ந்து தரும். இந்தோனீசிய உரிமையை இந்தோனீசியாவே தரும். ஒரு நாடு ஏற்றதை மற்றொன்று மறுப்பதும் உண்டு. இம்முறையால் புனைந்தவர் அடைவது காலமும் முன்னறிவுமே. ஏறத்தாழ 18 மாதம் கூடுதலாகக் கிடைக்கிறது. அதற்குள் தேடல் அறிக்கையைப் பார்த்து, எங்கே செலவிடுவது, எங்கே விடுவது என்று முடிவு செய்யலாம்.

மஞ்சள் கற்பித்த பாடம்

முன் வெளியானவற்றைத் தேடுவது எத்துணை இன்றியமையாதது என்பதற்கு மஞ்சளே சான்று. புண்ணாற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995-இல் அமெரிக்கா, மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை வழங்கியது. தமிழ்வீட்டுப் பாட்டியர் எல்லாரும் அறிந்த மருந்து அது. ஆயினும் பாட்டியின் சொல் மட்டும் போதவில்லை. இந்திய அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய சமஸ்கிருத நூலையும், 1953-இல் இந்திய மருத்துவ இதழில் வந்த கட்டுரையையும் பிறவற்றையும் சான்றாக நிறுத்தியபின், 1997-இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. இதன் பயனாக இந்தியா 2001-இல் மரபறிவு மின்னூலகத்தைத் தொடங்கிற்று. தமிழ்ச் சித்த மருத்துவ நூற்செய்திகளும் அதில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய மொழிகளில் இடம்பெற்றுள்ளன. எழுதி வைத்த தமிழே இன்று உலகத் தேர்வாளர் முன் சான்றாக நிற்கிறது.

பள்ளிகள் கருதவேண்டியது

மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவர் அனைத்துலகப் புத்தாக்கப் போட்டிகளில் பதக்கங்கள் பெற்றுவருகின்றனர்; பெருமைக்குரிய செய்தி. ஆனால் பதக்கம் வேறு, உரிமை வேறு. மனுச் செய்யாது ஒரு கருவியின் நுட்பத்தைக் கண்காட்சியில் விளக்கினாலோ, படத்துடன் நாளிதழில் வெளியிட்டாலோ, அதுவே புதுமையைக் கெடுக்கும் சான்றாகக்கூடும். மனு நாளுக்கு முந்திய ஓராண்டில் மனுதாரரால் நேர்ந்த வெளிப்பாட்டை மலேசியச் சட்டம் பொறுத்துக்கொள்ளும். ஐரோப்பிய நாடுகளோ மிகச் சில விலக்குகள் ஒழியப் பொறுப்பதில்லை. ஆகவே இங்கே தப்பிய புனைவு அங்கே தோற்கலாம்.

எளிய புனைவுகளுக்கு வேறொரு வழியும் மலேசியச் சட்டத்தில் உண்டு. பயன்பாட்டுப் புத்தாக்கச் சான்றிதழ் என்னும் அதற்குப் புதுமையும் தொழிற்பயனும் இருந்தால் போதும். அது முதலில் 10 ஆண்டு செல்லும். புனைவு பயன்பாட்டில் இருப்பின் ஐந்தைந்து ஆண்டாக இருமுறை நீட்டிக்கலாம்.

ஆதலின் வழிகாட்டும் ஆசிரியர் வரிசையை மாற்றாதிருத்தல் நன்று. முதலில் முன்னிருந்தவற்றைத் தேடுதல், அடுத்து மனு, அதன் பின்னரே மேடை. ஏழைத் தொழிலாளியின் மகள் புனைந்த கருவி அவளுக்கே உரியதாக நிற்பதும், பிறர்க்கு இலவசமாய்ப் போவதும் இவ்வரிசையைப் பொறுத்ததே.