மாம்பழச் சூடு இல்லைம்மா!

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட் எதிரே டீக்கடை. நாங்கள் ஐந்து பேர், எல்லோரும் ஆபீஸ் ஆசாமிகள். பேச்சு சின்ன வெங்காய விலையிலிருந்து, பேப்பரில் வந்திருந்த ஒரு போக்ஸோ தீர்ப்புக்குத் தாவியது. அரியலூர்க்கார நண்பர் பெருமூச்சு விட்டார்.

"பொட்டப்புள்ளையப் பெத்தவங்க வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுத்தான் இருக்கணும் ஸார். நல்லவேளை... எனக்கு ரெண்டும் பையனுங்க!"

இந்த 'நல்லவேளை'தான் எனக்கு இடித்தது.

2007-ல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53 சதவிகிதம். அதில் பாதிக்கு மேல் பையன்கள்! தொல்லை கொடுத்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கையான இடத்தில் இருந்தவர்கள். (தமிழ்நாடு அந்தப் பதின்மூன்றில் இல்லை. அதனால் நாமெல்லாம் யோக்கியர்கள் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம்.)

மும்பையைச் சேர்ந்த ஹரீஷ் ஐயர் அப்படி ஒரு பையன். ஏழு வயதில் ஆரம்பித்த கொடுமை, பதினோரு வருடம் நீடித்தது. செய்தவர் உறவுக்காரர். ஒருமுறை ரத்தம் வந்தபோது அம்மா என்ன நினைத்தார் தெரியுமா? பையன் மாம்பழம் நிறையத் தின்றுவிட்டான், அதனால் வந்தது என்று! கெட்ட அம்மா இல்லை, பாவம். பையனுக்கு இப்படி ஒன்று நடக்கும் என்றே தோன்றாத அம்மா. ஹரீஷ் மனம் விட்டுப் பேசியது வீட்டு நாய் ஜிம்மியிடம்தான்.

வளர்ந்தபின் அவர் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. 2012 மே 13-ம் தேதி அமீர்கானின் 'சத்யமேவ ஜயதே' நிகழ்ச்சியில் அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாடு பார்க்கச் சொன்னார். அதற்கு மூன்று நாள் முன்புதான் ராஜ்யசபாவில் போக்ஸோ மசோதா நிறைவேறியிருந்தது. மே 22-ல் லோக்சபாவிலும் நிறைவேறியது. அந்த வருடம் நவம்பர் 14 முதல் அமல். ஆண் குழந்தை, பெண் குழந்தை என்று பிரித்துப் பார்க்காத சட்டம். அரியலூர் நண்பருக்கு இது செய்தியாகவே இருந்தது!

நம் சென்னையில் வளர்ந்த ஒருவர், பூர்ணிமா கோவிந்தராஜுலு. கனடாவில் விஞ்ஞானி, தவளைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். ஆறு வயதிலிருந்து பதிமூன்று வயது வரை சென்னையில், சொந்தக்காரர் ஒருவரால் அவர் அனுபவித்தது சொல்லி மாளாது. நாற்பது வருடம் கழித்துப் புகார் கொடுக்கப் பார்த்தால், காலம் கடந்துவிட்டது என்று கைவிரித்தார்கள். மூன்று வருடமோ அதற்குக் குறைவாகவோ தண்டனை உள்ள குற்றமென்றால், மூன்று வருடத்துக்குள் வழக்கு வரவேண்டும் என்பது பழைய விதி. அதாவது ஆறு வயசுக் குழந்தை, ஒன்பது வயசுக்குள் வாழ்க்கையைப் புரிந்துகொண்டு, தானே ஸ்டேஷன் படியேறியிருக்க வேண்டும்! பேஷ்!

அவர் விடவில்லை. ஆன்லைனில் கையெழுத்து வேட்டை நடத்தினார். மத்திய மந்திரி மேனகா காந்தியைப் போய்ப் பார்த்தார். 2018 அக்டோபரில், போக்ஸோ சட்டப்படி புகார் கொடுக்கக் காலக்கெடு எதுவும் கிடையாது, எந்த வயதிலும் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். இதில் ஒரு வேதனை, சட்டம் 2012-க்கு முன்னால் நடந்ததற்குப் பாயாது. அவர் தள்ளித் திறந்த கதவு, அவருக்குப் பிறகு வந்த பிள்ளைகளுக்குத்தான்.

எங்கள் பக்கம் வருகிறேன். 2007-ல் பெரம்பலூரும் அரியலூரும் தனித்தனி ஜில்லா ஆகிவிட்டன. மூடி மறைப்பதில் மட்டும் இன்னும் ஒரே ஜில்லா! இங்கே அப்பா துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற வீடுகள் நிறைய. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணன். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தங்கம். ஆனால் பையன் ஒருவரிடம் போகமாட்டேன் என்று நெளிந்தால், "மாமாதானடா, மடியில உட்காரு, என்ன கூச்சம்?" என்று பிடித்துத் தள்ளுகிறோமே, அதை நிறுத்தலாம். சென்னையில் 2004-லிருந்து இந்த விஷயத்துக்காகவே இயங்குகிற 'துளிர்' போன்ற அமைப்புகள் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான்: உடம்பு உன்னுடையது, வேண்டாம் என்று சொல்லலாம், பெரியவர் 'ரகசியம்' என்றால் முதல் வேலையாக வந்து சொல்.

அப்புறம் அந்த 'சில்மிஷம்' என்ற வார்த்தை. யார் கண்டுபிடித்தார்களோ! ஏதோ மாங்காய் திருடின மாதிரி பத்திரிகைகளில் போட்டுக்கொண்டிருந்தோம்.

"சொன்னா மானம் போயிடுமே ஸார்" என்றார் நண்பர். சட்டத்தில் இதற்கும் ஏற்பாடு இருக்கிறது. குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம். கூடியவரை பெண் போலீஸ், சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத அதிகாரி, அதுவும் யூனிஃபார்ம் இல்லாமல் வரவேண்டும். ராத்திரியில் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெயர், வீடு, பள்ளிக்கூடம் எதுவும் பத்திரிகையில் வரக் கூடாது. மாறாக, தெரிந்தும் புகார் சொல்லாமல் இருந்தவருக்கு ஆறு மாதம் வரை ஜெயில் உண்டு, அது மாமாவின் மச்சானாக இருந்தாலும். 1098-க்கு போன் செய்தால் காசு கிடையாது. நண்பர் செல்போனை எடுத்து அந்த நம்பரைச் சேமித்துக்கொண்டார், 'பசங்க' என்ற பெயரில்.