தோழி இல்லாத பாட்டு

புறநகர்ப் பண் – 11

தொல்காப்பியத்தின் உரியியல், புலம்பு என்னும் சொல்லுக்குத் தனிமை என்றே பொருள் தருகிறது. துணையின்றி இருத்தலைக் குறித்த அச்சொல், பிற்காலத்தில் துணையின்றி இருப்பவர் வாய்விட்டுச் சொல்வதையும் குறிக்கத் தொடங்கியது. இன்று தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்தொடர் வண்டியில் ஒருவர் மற்றொருவரைப் பார்த்து ‘சும்மா புலம்பாதே’ என்று அடக்கும்போது, பழைய பொருள் தேய்ந்து பேச்சு மட்டுமே எஞ்சி நிற்கிறது. தனித்திருத்தலும் அதைப் பிறரிடம் சொல்லுதலும் ஒரே சொல்லுக்குள் அடங்கிப்போனதற்குத் தமிழில் ஒரு காரணம் உண்டு. பிரிவைப் பாடிய தமிழ் மரபு, கேட்பவர் ஒருவரை அருகில் இருத்திக்கொண்டுதான் பெரும்பாலும் பாடியிருக்கிறது. இவ்வாரம் எடுத்துக்கொள்ளப்படுவது அம்மரபுக்கு எதிர்த்திசையிலிருந்து வந்து, அதே வண்டியின் பயணிகள் சிலரது காதுகளில் இடம்பிடித்திருக்கும் இண்டி ஃபோக் என்னும் இசைவகையும், அவ்வகைக்கு இன்று எடுத்துக்காட்டாகவே ஆகிவிட்ட ஓர் இசைத்தொகுப்பும் ஆகும்.

பெயரை முதலில் விளக்கிக்கொள்வது நல்லது. இண்டி என்பது பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல் கலைஞர் தாமாகவோ சிறு நிறுவனம் ஒன்றின் வழியாகவோ வெளியிடும் இசையைக் குறிக்கும் சொல்லாகத் தொடங்கி, நாளடைவில் ஒருவித ஒலிப்பாங்கின் பெயராகவும் மாறிவிட்டது. ஃபோக் என்றதும் கொல்லங்குடி கருப்பாயியையோ பரவை முனியம்மாவையோ தேடிப் போகக் கூடாது; இங்கே அது ஊர்கூடிப் பாடும் நாட்டுப்புறப் பாட்டு அன்று, மின்னூட்டம் இல்லாத கிதாரைத் தாமே மீட்டித் தாமே எழுதித் தாமே பாடும் அமெரிக்க, ஆங்கிலேய மரபு. கூட்டத்தின் பாட்டுக்கு உரிய சொல் ஒற்றை மனிதரின் பாட்டுக்குப் பெயரானது ஒரு முரண்தான் என்றாலும், பெயர்கள் பொதுவாக யாரையும் கேட்டுக்கொண்டு இடம்மாறுவதில்லை.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ஓ கிளேர் நகரில் 1981-இல் பிறந்த ஜஸ்டின் வெர்னன், தம் நண்பர்களோடு நடத்திவந்த இசைக்குழு 2006-இல் வட கரோலைனா மாநிலத்து ராலி நகரில் கலைந்தபின், காதலும் முறிந்து, கல்லீரலைத் தாக்கிய சுரம் ஒன்றால் நெடுநாள் படுத்தெழுந்து, அவ்வாண்டின் குளிர்காலத் தொடக்கத்தில் ஊர் திரும்பி, தம் தந்தையாருக்குச் சொந்தமான காட்டுக் குடில் ஒன்றில் ஏறத்தாழ மூன்று மாதம் தங்கினார். விறகு பிளப்பதும் மான் வேட்டையாடுவதும் போக எஞ்சிய பொழுதில், ஒரு பழைய கிதாரும் சாதாரண ஒலிவாங்கியும் கணினியும் கொண்டு அவர் பதிந்த பாடல்களே ‘ஃபார் எம்மா, ஃபார்எவர் அகோ’ என்னும் ஒன்பது பாடல் தொகுப்பு. பனிக்காலத்தை வாழ்த்தும் பிரெஞ்சுத் தொடர் ஒன்றின் எழுத்தைச் சற்றே மாற்றி ‘போன் இவேர்’ என்று பெயர் சூட்டிக்கொண்டு, 2007-இல் சுமார் 500 படிகளைத் தாமே வெளியிட்டார். 2008 பிப்ரவரியில் ஜாக்ஜகுவார் என்னும் சிறு நிறுவனம் அதை மறுபடி வெளியிட்ட பிறகு, அக்குடில் கிட்டத்தட்ட ஒரு புராணத் தலமாகவே ஆகிவிட்டது.

நோயும் தனிமையும் ஒரே கூரையின் கீழ் வைக்கப்பட்ட இடம் தென்சென்னைப் புறநகருக்குப் புதிதன்று. குரோம்பேட்டையைக் கடந்ததும் வரும் ‘தாம்பரம் சானடோரியம்’ என்னும் நிலையத்தின் பெயரே அதற்குச் சான்று. இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் காசநோய் இல்லம் நடத்திய டாக்டர் டேவிட் சவரிமுத்து, 1928-இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியத்தை 1937-இல் அரசு ஏற்றுக்கொண்டது. சானடோரியம் என்பது காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலத்தில், நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து, திறந்த காற்றும் ஓய்வும் உணவும் கொடுத்துத் தேற்ற முயன்ற மருத்துவமனை, தனிமையும் அங்கே சிகிச்சையின் ஒரு பகுதி. அவ்வெண்ணத்தைத் தகர்த்த ஆய்வும் சென்னையிலேயே நடந்தது. 1956-இல் இங்கு நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், ஒரே மருந்தை வீட்டிலிருந்து உட்கொண்டவரையும் சானடோரியத்தில் தங்கி உட்கொண்டவரையும் ஒப்பிட்டு, வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமடைந்தார்கள் என்றும், அவர்களோடு வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் ஆபத்து நேரவில்லை என்றும் 1959-இல் அறிவித்தது. உலகெங்கும் சானடோரியங்கள் காலியானதற்கு அவ்வறிக்கையும் ஒரு காரணம். மனிதரைத் தனியே வைத்தால்தான் தேறுவார் என்ற கருத்தை மருத்துவம் கைவிட்ட பிறகும் இசை ரசிகர்கள் கைவிடவில்லை. வெர்னனின் குடிலைப் பற்றி எழுதியவர்கள் பலரும் தனிமை பாட்டை விளைவித்ததாகவும் பாட்டு மனிதரைக் குணப்படுத்தியதாகவும் ஒரு சானடோரியக் கதையையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

ஒலிப்பதிவைக் கவனித்துக் கேட்டால் கதை வேறாக இருக்கிறது. முந்தைய குழுவில் இயல்பான கனத்த குரலில் பாடிவந்த வெர்னன், இத்தொகுப்பில் பெரும்பகுதியைப் பொய்க்குரலில் பாடினார். பொய்க்குரல் என்பது ஆண்குரல் தன் இயல்பான எல்லையைத் தாண்டி, குரல்நாணின் ஓரங்கள் மட்டும் மெலிதாக அதிர, மேல்தாயிக்குப் போகும்போது பிறக்கும் காற்றோட்டமான ஒலி. கருநாடக இசையரங்கில் இது குறையாகவே எண்ணப்படும். அதனினும் முதன்மையானது அவர் அக்குரலை அடுக்கிய முறை. ஒரு வரியைப் பாடிப் பதிந்து, அதைக் கேட்டுக்கொண்டே அதே வரியை மறுபடி பாடிப் பதிந்து, இவ்வாறு பல படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும்போது, எந்த இரு முறையும் சுருதியும் காலமும் மயிரிழை பிசகாமல் ஒன்றாவதில்லை ஆகையால், அந்நுண்ணிய வேறுபாடுகள் சேர்ந்து ஒரு தேவாலயப் பாடகர் குழுவின் பரப்பை உண்டாக்குகின்றன. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நாற்பது பேர் கூடி எழுப்பும் ஒலியை, ஆளில்லாத குடிலில் ஒருவர் தம் தொண்டையால் மட்டும் எழுப்பியிருக்கிறார். தனிமையின் இசை என்று புகழப்பட்ட தொகுப்பில் உண்மையில் கேட்பது ஒரு கூட்டம். அக்கூட்டத்தில் எல்லோரும் ஒரே ஆள் என்பதே அதன் துயரம்.

சொற்கள் பிறந்த விதமும் இதனோடு பொருந்துகிறது. பொருளில்லாத அசைகளால் முதலில் மெட்டைப் பாடி வைத்து, பின்னர் அவ்வசைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அவற்றுக்குள் எந்தச் சொற்கள் ஒளிந்திருப்பதாகத் தோன்றுகிறதோ அவற்றையே வெர்னன் எழுதிக்கொண்டார். தமிழ்த் திரையிசையில் இசையமைப்பாளர் தத்தகாரம் பாடிக் கொடுக்க, பாடலாசிரியர் அச்சந்தத்துக்கு வரி எழுதும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. ஆனால் கோடம்பாக்கத்தில் தத்தகாரம் சொல்பவரும் அதைக் கேட்பவரும் இருவர், விஸ்கான்சினில் இருவரும் ஒருவரே. பாடல்களின் பொருள் பல இடங்களில் மங்கலாக இருப்பதற்கு இம்முறைதான் காரணம். மங்கலையே ஆழமாகக் கொண்டு உரையெழுதும் ரசிகர்கள் சில வேளை அளவுமீறிப் போகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முழுத் தனிமை என்பதும் முற்றிலும் சரியன்று. தலைப்பிலுள்ள எம்மாவின் பெயரைத் தாங்கிய பாட்டில் ஒலிக்கும் டிரம்பெட்டும் டிராம்போனும் வேறு கலைஞர்கள் வாசித்தவை. எம்மா என்பவர் குறிப்பிட்ட ஒரு பெண் அல்லர், மனம் மாட்டிக்கொண்டு மீளமுடியாமல் கிடக்கும் ஓர் இடம் என்ற பொருளில் வெர்னனே பேட்டிகளில் விளக்கியிருக்கிறார். அகப்பாடலில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்திருப்பதை இவ்விடத்தில் நினைக்கலாம். பெயர் நீங்கினால்தான் துன்பம் கேட்பவருடையதாகவும் ஆகும் என்பதை அவ்விதி அறிந்திருந்தது.

அகமரபில் தலைவியின் துயரைக் கேட்கத் தோழி இருக்கிறாள். அவள் ஆற்றுவிக்கிறாள், கடிந்துரைக்கிறாள், தலைவனின் தேர் வரும் என்று பொய்யும் சொல்கிறாள். நற்றிணையிலும் குறுந்தொகையிலும் நெய்தல், முல்லை, பாலைப் பாடல்கள் பலவற்றைத் தோழி என்னும் செவி இல்லாமல் எண்ணிப்பார்க்கவே இயலாது. திருக்குறளின் காமத்துப்பாலில் பிரிவாற்றாமை என்னும் 116-ஆம் அதிகாரம் தொடங்கி நெஞ்சொடு கிளத்தல் என்னும் 125-ஆம் அதிகாரம் முடிய உள்ள நூறு குறள்களை, பிரிவைப் பற்றிய ஒரே இசைத்தொகுப்பாக வரிசைப்படிப் படிக்க முடியும். கண் பழிக்கப்படுகிறது, மேனி பசக்கிறது, தனிப்படர் மிகுகிறது, கனவு வருகிறது, மாலைப்பொழுது வருத்துகிறது, உறுப்புகள் நலன் அழிகின்றன. அதன்பிறகே, பற்றுக்கோடு எதுவும் காணாத நிலையில், தலைவி தன் நெஞ்சையே எதிரில் நிறுத்திப் பேசுகிறாள் என்று உரையாசிரியர் பரிமேலழகர் அவ்வதிகாரத்தின் தலைப்பை விளக்குகிறார். வள்ளுவர் பத்தாவதாக வைத்ததை வெர்னன் முதலாவதாகவும் ஒன்றேயாகவும் வைத்துக்கொண்டார் என்று கூறுவது மிகையாகாது. அவருடைய அடுக்குக் குரல்கள் நெஞ்சு தன்னோடு தானே கிளத்தும் கிளவிகள்.

தமிழ்த் திரைப்படம் தோழியைத் தோழர் கூட்டமாக மாற்றிக்கொண்டது. 1953-இன் ‘தேவதாஸ்’ நாயகன் மதுவோடு பாடினான். கதை, பாட்டு, இசை மூன்றையும் டி. ராஜேந்தர் அமைத்து 1980-இல் வெளிவந்த ‘ஒருதலை ராகம்’, கல்லூரிக்கு நாள்தோறும் ரயிலில் போய்வரும் மாணவர் கூட்டத்தின் நடுவே சொல்லப்படாத காதலை வைத்தது. தமிழில் தனிமையின் முழுத் தொகுப்பு என்று ஒன்றைச் சுட்டவேண்டுமானால் அதன் இசைத்தட்டையே சுட்டவேண்டும். 2011 நவம்பரில் ‘3’ படத்துக்காக அனிருத் இசையில் தனுஷ் எழுதிப் பாடிய கொலவெறிப் பாட்டு, காதலில் தோற்றவனுக்கு ‘சூப் பாய்’ என்றும் அவன் பாட்டுக்கு ‘சூப் சாங்’ என்றும் பெயர் தந்து, தோல்வியை நண்பர்கள் மேசைதட்டித் தாளம் போடும் கேளிக்கையாக்கியது. அதன் பெண்வெறுப்புச் சாயல் அன்றே விமர்சிக்கப்பட்டது, அவ்விமர்சனம் நியாயமானதே. தோழியின் இடத்துக்கு ஆண்கள் மட்டும் வந்து அமர்ந்தபோது ஆறுதல் எளிதாக வசையாகிவிட்டது.

இந்தியாவில் இண்டி ஃபோக் பாங்கில் காதல் முறிவைப் பாடிப் பரவலாக அறியப்பட்டவர் ஜெய்ப்பூரில் பிறந்த பிரதீக் குஹாட். 2018-இல் வெளிவந்த அவருடைய ‘கோல்ட்/மெஸ்’ ஆறு ஆங்கிலப் பாடல்கள் கொண்ட குறுந்தொகுப்பு. அதன் தலைப்புப் பாட்டு, அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் ஒபாமா 2019-இல் தமக்குப் பிடித்தவையாக வெளியிட்ட பாடல் பட்டியலில் இடம்பெற்ற பிறகு உலகெங்கும் பரவியது. குஹாட் பிரிந்துசென்றவரையே முன்னிலையில் விளித்துப் பாடுகிறார். பாடல்களின் தலைப்புகளிலேயே ‘நீ’ நிறைந்திருக்கிறது. தோழியும் இல்லை, நெஞ்சும் இல்லை, போனவரே கேட்கவேண்டும் என்னும் இப்பிடிவாதம், அலைபேசியில் அனுப்பிப் பதில் வராத செய்தியின் வடிவம்.

1931 முதல் மின்சாரத்தில் ஓடும் கடற்கரை–தாம்பரம் தடத்தில், சேலையூர், பெருங்களத்தூர், மேடவாக்கம் பக்கத்து வாடகை அறைகளுக்குத் திரும்பும் இளைஞர்களுக்கு இவ்வகை இசை ஏன் பொருந்துகிறது என்பதற்கு ஒரே விடை இல்லை. 1937-இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் ‘டீப் உட்ஸ்’ விழா மேடையும் தேவாலயப் பாடகர் குழுக்களும் கிதாரை இப்பகுதிக்கு அந்நியமாக விட்டுவைக்கவில்லை என்பது ஒன்று. பேச்சிலர்களுக்கு வீடு தருவதில்லை என்ற பலகைகளைக் கடந்து கிடைத்த அறையில், ஒலிபெருக்கிக்கு அண்டைவீட்டார் இடம் தராதபோது, காதொலிப்பான் ஒன்றே வழி என்பது மற்றொன்று. எட்டுப் பேர் அமரும் இடத்தில் பன்னிரண்டு பேர் நெருங்கி அமர்ந்திருக்கும் பெட்டியில், ஒருவர் காதுக்குள் மட்டும் ஒரு மனிதர் பல குரலாய்ப் பாடிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் இருப்பவரிடம் புலம்பத் தேவையில்லாமல் போகிறது. இதைத் தேறுதல் என்பதா, சானடோரியம் என்பதா என்பதில் இசை ஆய்வாளர்களைவிட அந்தப் பக்கத்து இருக்கைக்காரர் தெளிவான கருத்து வைத்திருக்கக்கூடும்.

வெர்னன் குடிலில் நிலைக்கவில்லை. அவருடைய ‘வுட்ஸ்’ என்னும் அடுக்குக் குரல் பாட்டை அமெரிக்க ராப் கலைஞர் கான்யே வெஸ்ட் 2010-இல் தம் தொகுப்பில் எடுத்தாண்டபோது, அக்குரல் பல கலைஞர்கள் நெருக்கியடித்த ஒலிக்கூடத்துக்குள் போய்ச் சேர்ந்தது. சென்னையில் பிறந்து கலிபோர்னியாவில் வளர்ந்து, ‘கடல்’ படத்தின் ‘அடியே’ பாட்டால் தமிழருக்கு அறிமுகமான சித் ஸ்ரீராம், 2023-இல் வெளியிட்ட ‘சித்தார்த்’ என்னும் ஆங்கிலத் தொகுப்பை ரயன் ஓல்சன் தயாரித்தார். அதில் வெர்னனின் பங்கும் உண்டு. அத்தொகுப்பின் பாட்டொன்று ‘டியர் சஹானா’ என்று கடிதத்தின் விளிபோலத் தலைப்பிடப்பட்டிருக்கிறது. சஹானா என்பது அரிகாம்போதியில் பிறந்து, மார்கழிக் கச்சேரிகளில் உருக்கத்துக்கென்றே எடுக்கப்படும் இராகத்தின் பெயர். விளிக்கப்படுபவள் தலைவியா, தோழியா, இராகமா என்பதைத் தலைப்பு சொல்லவில்லை.