மகரத்தின் வாயும் சிலுவையும்

சென்னைப் பரங்கிமலை உச்சியில் உள்ள மாதா கோயிலின் பீடத்தில் ஒரு கருங்கல் பலகை பதிக்கப்பட்டிருக்கிறது. 1547-ல் போர்த்துக்கீசியர் கோயில் கட்டக் கடைக்கால் தோண்டியபோது கிடைத்தது அது. நடுவில் புடைப்பாக ஒரு சிலுவை. அதன் அடியில் சுருண்டு எழும் இலைகள், உச்சியில் இறங்கிவரும் புறா, சுற்றிலும் பஹ்லவி எழுத்து. எழுத்தின் அமைப்பைக் கொண்டு ஏறத்தாழ 7 முதல் 9-ஆம் நூற்றாண்டுக்குள் அதை வைக்கிறார்கள். எழுத்து பாரசீகத்தினுடையது, சிலுவைக்கு இரு பக்கமும் நிற்கும் தூண்கள் அப்படியல்ல. தூண்களின் மேல் மகரங்கள் என்னும் முதலை போன்ற கற்பனை விலங்குகள் இருக்கின்றன. அவற்றின் வாயிலிருந்தே சிலுவையைச் சூழும் வளைவு கிளம்புகிறது. நம் கோயில்களின் கோட்டங்களுக்கு மேலே காணும் மகர தோரணம்தான் இது. கோட்டயம் வலியபள்ளியில் உள்ள பழைய சிலுவைக் கற்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. கிறிஸ்தவ வழிபாட்டுக் கல்லில் மகரத்துக்கு என்ன வேலை?

இதே கேள்வியை ஐரோப்பாவின் கிராமத்துத் தேவாலயங்களும் கேட்க வைக்கின்றன. 11, 12-ஆம் நூற்றாண்டுகளில் அங்கே பரவிய கட்டடப் பாணிக்கு ரோமானெஸ்க் என்று பெயர்: தடித்த சுவர், அரைவட்ட வளைவு, வாசலிலும் கூரை விளிம்பிலும் நெருக்கமான சிற்பம். இங்கிலாந்தின் ஹியர்ஃபர்ட்ஷயரில் கில்பெக் என்ற சிற்றூரில் சுமார் 1140-ல் எழுந்த தேவாலயம் இதற்கு நல்ல சான்று. கூரை விளிம்பின் கீழ் வரிசையாகத் துருத்தி நிற்கும் கற்களில் எண்பதுக்கு மேல் இன்றும் இருக்கின்றன. ஒன்றில் நாயும் முயலும் அருகருகே இருக்கும், இன்னொன்றில் ஒருவன் நரம்பிசைக் கருவி மீட்டுவான், வேறொன்றில் ஏதோ ஒரு விலங்கின் தலை விழிக்கும். தெற்கு வாசலில் பாம்புகள் பின்னிக் கிடக்கின்றன. சிவந்த மணற்கல் என்பதால் உளி ஆழமாக இறங்கி உருவத்தைச் சுவரிலிருந்து வெளியே இழுத்திருக்கிறது. பரங்கிமலைக் கருங்கல் அப்படி இடம் கொடுக்காது. அங்கே சிற்பி மேற்பரப்பைத் தட்டித் தட்டித் தாழ்த்தி, உருவத்தை மெல்லிய புடைப்பாக நிறுத்துகிறார். மதத்தை விடக் கல்தான் ஒரு சிற்பத்தின் ஆழத்தைத் தீர்மானிக்கிறது.

இந்த விலங்குகளுக்கு இரண்டு விளக்கங்கள் சொல்வார்கள். பழைய மதத்தின் மிச்சம் என்பது ஒன்று. ஒவ்வொரு விலங்கும் ஒரு மறையுண்மையைக் குறிக்கிறது என்பது மற்றொன்று. இரண்டாவதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் சிஸ்டெர்சியன் சபையின் பெர்னார்டு துறவி 1125 வாக்கில், மடங்களில் குரங்கும் சிங்கமும் பாதி மனித உருவங்களும் எதற்கு என்று கடிந்து எழுதினார். மறை கற்ற அவருக்கே பொருள் விளங்காத உருவங்களுக்குத் திட்டமான ஒரு போதனையை இன்று நாம் ஏற்றுவது பொருந்தாது. பழைய மத மிச்சம் என்பதும் நிற்காது. ஒளித்து வைத்த நம்பிக்கையை யாரும் தேவாலயத்தின் முன்வாசலில் செதுக்கமாட்டார்கள். என் முடிவு எளிமையானது: இவை கல்தச்சரின் கைப்பழக்கத்திலிருந்து வந்தவை. புனிதமான வாசலைச் சிறப்பிக்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான். கட்டச் சொன்னவர் தடுக்கவில்லை.

வெறும் கைப்பழக்கம் என்றால் எல்லா இடத்திலும் அது ஒரேபோல வந்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கான விடை தூத்துக்குடி சார்ந்த முத்துக்குளித்துறைக் கடற்கரையிலேயே இருக்கிறது. திருச்செந்தூருக்குத் தெற்கே ஆலந்தலை, வடக்கே காயல்பட்டினம். மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் விவரித்த காயல் துறைமுகம் இந்தக் கரையில்தான் இருந்தது. காயல்பட்டினத்தில் உள்ள பழைய கல் பள்ளிவாசல்களில் தூண்களும் போதிகைகளும் தளக்கல்லும் தமிழ்க் கோயில் மண்டப முறையிலேயே அமைந்தவை. தூணைப் பகுக்கும் முறையும் கோயிலினுடையதே. ஆனால் தெய்வ உருவமோ யாளியோ கிடையாது. பூவும் கொடியும் கோலமும் மட்டும் உண்டு. கீழக்கரைப் பழைய ஜும்மா பள்ளியிலும் இதையே பார்க்கலாம். சிற்பியின் பயிற்சி ஒன்றுதான்; எதைச் செதுக்கலாம் என்ற வரம்பை மட்டும் கட்டுவித்த சமூகம் வகுத்தது. பரங்கிமலையில் மகரம் தங்கியதும் காயல்பட்டினத்தில் யாளி மறைந்ததும் இந்த ஒரே காரணத்தால்தான்.

அப்படியானால் ஆலந்தலை போன்ற பரதவர் ஊர்களில் ஏன் இத்தகைய கற்கள் இல்லை? பரதவர் கத்தோலிக்கரானது 1530-களில். மறைபோதகர் பிரான்சிஸ் சவேரியார் அவர்களிடம் வந்தது 1542-ல். தொடக்கக் கால ஆலயங்கள் மண்ணும் கீற்றுமாக இருந்தன. நிலைத்த ஆலயங்கள் எழுந்தபோது, 1581-ஆம் ஆண்டின் மணப்பாடு திருச்சிலுவை ஆலயம் போல, மாதிரி போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. அந்த மாதிரி சுண்ணாம்புப் பூச்சுச் சுவரையும் மரப் பீடத்தையும் கேட்டதே தவிர, கல்தச்சரைக் கேட்கவில்லை. ஆகவே இக்கரையில் உள்ளூர்க் கைவினை மரத்தச்சரின் வழியாக நுழைந்தது. தூத்துக்குடிப் பனிமய மாதாவுக்கு 1806-ல் முதன்முதலாக ஓடிய பொன் தேர் அதற்குச் சாட்சி: அடுக்கடுக்காக உயரும் அமைப்பு, வடம், இழுக்கும் கூட்டம் எல்லாம் தமிழ்த் தேருக்கு உரியவை. பரங்கிமலையில் மகரம் தாங்கிய இடத்தில் இங்கே தேர்த்தட்டு மாதாவைத் தாங்குகிறது.