பள்ளி நிறைவுச் சான்றிதழும் கிரெடிட் கணக்கும்

அல் கூஸ் பகுதியிலேயே சிபிஎஸ்இ பாடத்திட்டப் பள்ளிகள் இயங்குகின்றன. எனினும் தமிழ்க் குடும்பங்கள் சில, தம் பிள்ளைகளைத் துபாயின் அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகளில் சேர்க்கின்றன. இவ்விரு முறைகளிலும் பள்ளிக் கல்வி நிறைவுபெறும் வழி வெவ்வேறானது என்பதைப் பெற்றோர் முன்னதாகவே அறிதல் நலம்.

சிபிஎஸ்இ முறை
இம்முறையில் 12ஆம் வகுப்புப் பொதுத்தேர்வே முடிவைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு பாடத்திலும் 33 விழுக்காடு பெறவேண்டும். செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத்தேர்வு, செய்முறைத்தேர்வு ஆகிய இரண்டிலும் தனித்தனியே அவ்வளவு தேவை. 9ஆம் வகுப்பு மதிப்பெண்கள் இக்கணக்கில் சேர்வதில்லை.

அமெரிக்க முறை
இங்கு 9ஆம் வகுப்பின் முதல் நாளிலேயே கணக்குத் தொடங்கிவிடுகிறது. ஓராண்டுப் பாடமொன்றைத் தேர்ச்சியுடன் முடித்தால் வழக்கமாக ஒரு கிரெடிட் கிடைக்கும். அரையாண்டுப் பாடத்திற்கு அரைக் கிரெடிட். ஒரு பாடத்திற்கு ஆண்டுக்கு 120 மணி நேரக் கற்பித்தல் என்னும் அளவு, 1906ஆம் ஆண்டில் கார்னகி அறக்கட்டளை வகுத்த அலகிலிருந்து வந்தது.

மொத்தத் தேவை பள்ளிக்குப் பள்ளி மாறுபடும். எடுத்துக்காட்டாக, ஒரு பள்ளி 24 கிரெடிட் கோருவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 6 வீதம் நான்கு ஆண்டுகளில் அது நிறைவுறும். 9ஆம் வகுப்பில் கணிதத்தில் தவறிய மாணவர் அதனை மீண்டும் படித்து ஈடுசெய்ய வேண்டும். வேறு பாடங்களில் கூடுதல் கிரெடிட் சேர்த்தாலும் கணிதத்திற்கென ஒதுக்கிய இடம் நிரம்பாது. மொத்த எண்ணிக்கையும் பாடவாரி எண்ணிக்கையும் தனித்தனியே நிறைவேற வேண்டும் என்பதே இதன் பொருள்.

பள்ளி மாறுவோர் கவனத்திற்கு
இந்தியப் பாடத்திட்டத்திலிருந்து இடையில் மாறும் மாணவரின் முந்தைய வகுப்புகளுக்கு எத்தனை கிரெடிட் வழங்கப்படும் என்பதைப் புதிய பள்ளியே மதிப்பிடும். அம்மதிப்பீட்டைச் சேர்க்கைக்கு முன்னரே எழுத்துவடிவில் பெறுதல் வேண்டும். வாய்மொழி உறுதி போதாது. 9ஆம் வகுப்பு முதலான மதிப்பெண் பட்டியல்களின் மூலப்படிகளைப் பாதுகாத்து வைத்தல் இன்றியமையாதது.

தாயகத்தில் மேற்படிப்பு
தமிழகம் திரும்பிப் படிக்க விரும்புவோர், அமெரிக்கப் பள்ளிச் சான்றிதழுக்கு இணைத்தன்மைச் சான்று பெறவேண்டியிருக்கும். அச்சான்று, பெற்ற கல்வி 12ஆம் வகுப்புக்கு நிகரானது என்பதை மட்டுமே உறுதிசெய்யும். எப்படிப்பில் இடம் கிடைக்கும் என்பதைச் சொல்லாது. மருத்துவப் படிப்பிற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது உயிரித் தொழில்நுட்பம், ஆங்கிலம் ஆகியவற்றைப் படித்திருக்க வேண்டும். பள்ளி கோரும் கிரெடிட் அனைத்தையும் பெற்ற மாணவரும், வேதியியலை விட்டுவிட்டிருந்தால் நீட் தேர்வுக்குத் தகுதி பெறமாட்டார்.

ஆகவே பெற்றோர் ஒவ்வோர் ஆண்டின் இறுதியிலும் பள்ளி ஆலோசகரைச் சந்தித்து மூன்று வினாக்களைக் கேட்டறிய வேண்டும்: இதுவரை பெற்ற கிரெடிட் எத்தனை? எந்தப் பாடத்தில் எத்தனை எஞ்சியுள்ளன? விரும்பும் மேற்படிப்பிற்கான பாடங்கள் அடுத்த ஆண்டுத் தெரிவில் இடம்பெற்றுள்ளனவா? 10ஆம் வகுப்பில் தெரியவரும் குறையைச் சரிசெய்ய ஈராண்டுகள் உள்ளன. 12ஆம் வகுப்பின் இறுதியில் தெரியவந்தால், அது ஓராண்டையே விலையாகக் கேட்கக்கூடும்.